மின்னூல் வாசிப்பான்: கெடாவின் தமிழ் வாசகருக்கு எது பொருந்தும்?

மின்னூல் வாசிப்பான் என்பது நூல் படிப்பதற்கென்றே செய்யப்பட்ட கையடக்கக் கருவி. கைப்பேசியின் திரை தன் ஒளியைக் கண்ணுக்குள் செலுத்துகிறது. வாசிப்பானின் திரையோ தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. அதனால் நண்பகல் வெயிலிலும் எழுத்து மங்காது. வெளிச்சம் கூடக் கூடத் தெளிவும் கூடும்.

இக்கருவிக்குக் கெடாவில் தனித் தேவை உண்டு. சுங்கைப்பட்டாணி, கூலிம், லூனாஸ், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் பால்மரத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த தமிழ்ச் சமூகம் வாசிப்பையும் எழுத்தையும் கைவிடாதது. சீ. முத்துசாமி, கோ. புண்ணியவான், ம. நவீன், கே. பாலமுருகன் போன்ற எழுத்தாளர்கள் இம்மாநிலத்திலிருந்து வந்தவர்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயத்து வீடுகளில் இருந்த குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு இடம்பெயர்ந்தன. ஆனால் வாழ்விடம் மாறினாலும் தமிழ் நூல்களில் பெரும்பகுதி இன்றும் தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி வருகிறது; அனுப்புச் செலவும் நாணய மாற்றும் அவற்றின் விலையை ஏற்றிவிடுகின்றன. மின்னூல் இந்தத் தூரத்தை அழிக்கிறது. ஆனால் எந்தக் கருவியை வாங்குவது என்பதை விளம்பரத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வாசகர் படிக்க விரும்பும் தமிழ் நூல் எந்தக் கோப்பு வடிவில் கிடைக்கிறது என்பதே அதை முடிவு செய்கிறது.

திரை இயங்கும் விதம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஊடக ஆய்வகத்தில் ஜோசப் ஜேக்கப்சன் குழுவினர் உருவாக்கிய மின்மை நுட்பமே பெரும்பாலான வாசிப்பான்களுக்கு அடிப்படை. 1997இல் இதற்கென ஈ இங்க் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2009இல் தைவானின் பிரைம் வியூ இன்டர்நேஷனல் அதை வாங்கி, பின்னர் அதன் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டது.

திரைக்குள் தலைமுடியின் பருமன் அளவிலான நுண்குமிழ்கள் லட்சக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு குமிழிலும் தெளிந்த திரவத்தில் வெள்ளைத் துகள்களும் கறுப்புத் துகள்களும் மிதக்கின்றன. இரண்டும் எதிரெதிர் மின்னேற்றம் கொண்டவை. அடியிலுள்ள மின்முனையின் ஏற்றத்தை மாற்றினால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். மேலே வந்த துகள்கள் மின்சாரம் நின்ற பிறகும் அங்கேயே தங்கும். திரைக்குப் பக்கம் திருப்பும்போது மட்டுமே மின்சாரம் செலவாவதால், ஒருமுறை மின்னேற்றினால் கருவி வாரக்கணக்கில் உழைக்கிறது.

இதே இயல்பு சில குறைகளையும் தருகிறது. துகள்கள் நகர நேரம் எடுப்பதால் நிகழ்படமும் வேகமான நகர்த்தலும் சரிவராது. முந்தைய பக்கத்தின் சாயல் சிறிது தங்கும். அதைத் துடைக்கத் திரை அவ்வப்போது கறுப்பாக மின்னி மீளும்.

மின்மைத் திரை கொண்ட முதல் வாசிப்பானான லிப்ரியேயை சோனி 2004இல் ஜப்பானில் விற்பனைக்கு விட்டது. 2007 நவம்பரில் அமேசானின் கிண்டில் வந்தது. 2012இல் வந்த கிண்டில் பேப்பர்வைட், திரையின் ஓரங்களிலிருந்து ஒளியைப் பரப்பும் முன்னொளியைப் பரவலாக்கியது. இன்றைய நல்ல திரைகளில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் உள்ளன. சுழியும் புள்ளியும் நிறைந்த தமிழ் எழுத்துக்கு இந்த அடர்த்தி மிகவும் உதவுகிறது. அடர்த்தி குறைந்த பழைய திரைகளில் ண, ன வேறுபாட்டைச் சிறிய அளவில் காண்பது கடினம்.

தமிழ் நூல் வரும் வடிவங்கள்

முதல் வடிவம் ஈபப். இதில் எழுத்துகள் ஒருங்குறியில் உள்ளன. திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமே மடிந்து அமையும். எழுத்தைப் பெரிதாக்கலாம், சொல்லைத் தேடலாம். 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் படைப்பாக்கப் பொது உரிமத்தில் நூல்களை ஈபப் வடிவிலும் ஆறு அங்குலத் திரைக்கேற்ற பிடிஎஃப் வடிவிலும் இலவசமாகத் தருகிறது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல தட்டச்சாகி மெய்ப்புப் பார்க்கப்பட்டுள்ளன. அவற்றையும் ஈபப் ஆக இறக்கலாம். 1998 பொங்கலன்று கு. கல்யாணசுந்தரம் முயற்சியில் தொடங்கிய மதுரைத் திட்டம் தொடக்கத்தில் பழைய எழுத்துருக் குறிமுறைகளில் நூல்களை வெளியிட்டது. பின்னர் ஒருங்குறிக்கு மாறியது.

இரண்டாவது, கடைகளில் விற்கும் பூட்டிய மின்னூல். அமேசான் 2016 இறுதியில் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளுக்குக் கிண்டில் கடையைத் திறந்தது. தற்காலப் புனைகதையும் கட்டுரையும் இங்கே மிகுதி. ஆனால் விற்பனை உரிமை இந்தியாவுக்கு மட்டும் என்று பதிப்பகம் வரையறுத்த நூலை மலேசிய முகவரி கொண்ட கணக்கில் வாங்க முடியாது.

மூன்றாவது, படமெடுத்த பிடிஎஃப். ஈழத்து நூல்களைப் பாதுகாக்கும் நூலகம் தளம், சென்னையின் தமிழ் இணையக் கல்விக்கழக நூலகம் ஆகியவற்றில் கிடைக்கும் அரிய நூல்களில் பெரும்பாலானவை இவ்வகை. ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். எழுத்தைப் பெரிதாக்கினால் பக்கமே பெரிதாகித் திரைக்கு வெளியே போய்விடும். ஆறு அங்குலத் திரையில் இவற்றைப் படிப்பது கண்ணுக்குத் தண்டனை.

நான்காவது, இணையப் பக்கம். மலேசியத் தமிழிலக்கியத்தின் நல்ல பகுதி 'வல்லினம்' போன்ற இணைய இதழ்களில் இருக்கிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மின்னாக்கிய பழைய 'தமிழ் முரசு' இதழ்களையும் இணையத்தில் காணலாம்.

எழுத்து சரியாக அமைகிறதா?

தமிழில் எழுத்தைச் சேமிக்கும் வரிசையும் காட்டும் வரிசையும் ஒன்றல்ல. 'கெ' என்பதைக் கணினி முதலில் க, பிறகு கொம்பு என்று சேமிக்கிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். 'கொ'வில் கொம்பு ஒருபுறம், கால் மறுபுறம். இந்த அடுக்கலைச் செய்யும் மென்பொருள் கருவியில் இல்லையென்றால் எழுத்துகள் சிதறும். கணினித் தமிழில் இத்துறைக்கு உழைத்தவர்களுள் மலேசியரான முத்து நெடுமாறன் முக்கியமானவர். 1985இல் முரசு அஞ்சலைத் தொடங்கிய அவர் வடிவமைத்த தமிழ் எழுத்துருக்கள் ஆப்பிள் கருவிகளில் இடம்பெற்றுள்ளன.

கிண்டில் கருவிகள் தமிழைச் சரியாகக் காட்டுகின்றன. ஆண்டிராய்டில் இயங்கும் பூக்ஸ் வகைக் கருவிகளிலும் சிக்கல் இல்லை. கனடாவில் தோன்றி ஜப்பானின் ரகுதென் வசமான கோபோவில் பட்டியல் மொழியாகத் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருவை வாசகரே உள்ளே போட வேண்டும். சாதாரண ஈபப் கோப்பில் கொம்பு இடம் மாறித் தெரிவதும் உண்டு. கோப்பைக் கோபோவுக்கே உரிய கெபப் வடிவுக்கு மாற்றினாலோ, கோரீடர் என்ற திறந்தமூலச் செயலியை நிறுவினாலோ பெரும்பாலும் சரியாகும். எந்தக் கருவியையும் வாங்குமுன் கொ, நௌ, ஸ்ரீ, க்ஷ ஆகிய எழுத்துகள் கொண்ட சிறு கோப்பை ஏற்றிப் பார்ப்பது நல்லது.

சொல்லின் நீளமும் கவனிக்கத் தக்கது. 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும்' போன்ற சொற்கள் ஆறு அங்குலத் திரையில், பெரிய எழுத்தில், ஒரு வரியை முழுவதும் எடுத்துக்கொள்ளும். இருபுறமும் சீராக அமைக்கும்போது மற்ற வரிகளில் ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக்கும் அமைப்பே தமிழுக்கு ஏற்றது. ஏழு அங்குலம் ஆறை விடத் தெளிவாக மேல்.

தேவைக்கேற்ற தரவரிசை

நாவல், சிறுகதை படிப்பவருக்கு முதலிடம் 2024இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டுக்கு. ஏழு அங்குலத் திரை, 300 புள்ளி அடர்த்தி, நிறத்தை இதமாக்கும் முன்னொளி, நீர்த்தடுப்பு ஆகியவற்றுடன் தமிழ்க் கடையும் சேர்ந்து வருகிறது. 16 ஜிபி சேமிப்பில் ஆயிரக்கணக்கான நாவல்கள் அடங்கும். இரண்டாமிடம் 2024இன் சாதாரணக் கிண்டிலுக்கு: ஆறு அங்குலம், 158 கிராம், அறிமுக விலை ஏறக்குறைய 110 அமெரிக்க டாலர், நீர்த்தடுப்பு இல்லை. மூன்றாமிடம் கோபோ கிளாரா பிடபிள்யூவுக்கு. அது நீர்த்தடுப்புள்ள நல்ல கருவி, ஈபப் கோப்பை மாற்றாமலே ஏற்கும். தமிழ் எழுத்துக்குச் செய்ய வேண்டிய கூடுதல் வேலைதான் அதைக் கீழே இறக்குகிறது.

பழைய நூல்களும் படமெடுத்த பிடிஎஃப்களும் படிக்கும் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் பத்து அங்குலத்துக்குக் குறைந்த எதுவும் உதவாது. முதலிடம் பூக்ஸ் கோ 10.3: 300 புள்ளி அடர்த்தி, ஏறத்தாழ 375 கிராம் எடை, பக்க ஓரத்தை வெட்டி எழுத்தைப் பெரிதாக்கும் வசதி, எந்தச் செயலியையும் நிறுவும் சுதந்திரம். முன்னொளி இல்லாததால் இரவில் விளக்கு வேண்டும். இரண்டாவது கிண்டில் ஸ்கிரைப்: 2022இல் வந்த முதல் பதிப்பு 10.2 அங்குலம், 433 கிராம்; முன்னொளி உண்டு, ஆனால் பிடிஎஃப் கையாளும் வசதிகள் குறைவு. இரண்டிலும் பேனாவால் குறிப்பெழுதலாம் என்பதால் எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவருக்கும் கற்பிப்பவருக்கும் இவை ஏற்றவை.

இணைய இதழும் நாளிதழும் முதன்மையாகப் படிப்பவருக்கு ஏழு அங்குல ஆண்டிராய்டு வாசிப்பான் முதலிடம். அதில் கிண்டில் செயலியையும் நிறுவலாம் என்பதால் வாங்கிய நூல்களும் ஒரே இடத்தில் சேரும். விலையும் மின்கலச் செலவும் சற்றுக் கூடும். மற்றக் கருவி வைத்திருப்பவர், இந்தியரான கோவித் கோயல் 2006இல் தொடங்கிய கேலிபர் என்ற இலவச மென்பொருளால் இணையக் கட்டுரைகளை ஈபப் ஆக்கி ஏற்றிக்கொள்ளலாம்.

பார்வை மங்கிய முதியோருக்குப் பத்து அங்குலத் திரை சிறந்தது. ஆனால் கை வலிக்கும் எடை அதன் குறை. மடியில் வைத்துப் படிப்பவருக்கு ஸ்கிரைப், கையில் பிடித்துப் படிப்பவருக்குப் பேப்பர்வைட். விரல் நடுங்குபவருக்குப் பக்கம் திருப்பும் பொத்தான்கள் கொண்ட கோபோ லிப்ரா கலர் தொடுதிரையை விட எளிது.

சிறுவருக்கான படக்கதைகளில் தரவரிசை தலைகீழாகிறது. அச்சு நூல் முதலிடம், பலகைக் கணினி இரண்டாமிடம், வண்ண வாசிப்பான் மூன்றாமிடம். வண்ண மின்மையான கலைடோ 3 திரையில் கறுப்பெழுத்து 300 புள்ளியில் தெரிந்தாலும் வண்ணம் 150 புள்ளியே. நிறங்கள் வெளிறி இருக்கும், பின்புலமும் சற்றுக் கருமை கொள்ளும். பெங்களூருவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் இலவசத் தமிழ்ப் படக்கதைகள் வண்ணத்துக்காகவே வரையப்பட்டவை. தமிழ்ப்பள்ளி நூலகத்தில் அவற்றைப் பலகைக் கணினியில் காட்டி, படமில்லாத கதைக்கு வளரும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாதாரணக் கிண்டிலைக் கொடுப்பதே பொருத்தம்.

வாங்குதலும் பேணுதலும்

அமேசானுக்கு மலேசியாவுக்கெனத் தனித் தளம் இல்லை. கிண்டில் வெளிநாட்டுத் தளத்திலிருந்தோ உள்ளூர் இறக்குமதியாளரிடமிருந்தோ வர வேண்டும். இறக்குமதியாளரிடம் வாங்கும்போது உத்தரவாதம் யாருடையது என்பதை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். இணையவழி இறக்குமதியாகும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது இதையும் கூட்ட வேண்டும்.

இணைய வசதி குறைந்த தோட்டப் புறங்களில் வாசிப்பான் சிரமம் தருவதில்லை. நூலை இறக்க மட்டுமே இணையம் வேண்டும், படிக்க வேண்டாம். பட்டணத்தில் இறக்கிய ஈபப்பைக் கோபோவுக்கும் பூக்ஸுக்கும் கம்பி வழியாக அப்படியே ஏற்றலாம். கிண்டிலுக்கு அதன் அனுப்பும் சேவையில் பதிவேற்ற வேண்டும், அல்லது கேலிபரில் உரிய வடிவுக்கு மாற்றிக் கம்பி வழியாக ஏற்ற வேண்டும். கடையில் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கிவைக்கும் வசதியை அமேசான் 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஆகவே நெடுங்காலம் வைத்துப் படிக்க விரும்பும் நூல் பூட்டில்லாத வடிவிலும் கிடைக்கிறதா என்று முதலில் தேடுவது அறிவு.

மின்மைத் திரையின் அடித்தளம் பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி என்பதால் அழுத்தமும் வளைவும் அதைப் பிளக்கும். கெட்டி உறை தேவை. வெயிலில் நிறுத்திய காருக்குள் கருவியை விடக் கூடாது. அந்த வெப்பம் மின்கலத்தையும் திரையையும் கெடுக்கும். நீர்த்தடுப்பில்லாத கருவியை மழைக்காலத்தில் காற்றுப்புகாப் பையில் எடுத்துச் செல்ல வேண்டும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி அளவு மின்னேற்றி அணைத்து வைப்பது மின்கலத்தின் ஆயுளைக் காக்கும்.