அமெரிக்க வீட்டில் ஓராண்டு: பிள்ளையை அனுப்பும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை



நம் பகுதிக்கு வெளிநாடு புதிதல்ல. கூத்தாநல்லூரைச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே சொல்வார்கள். ராஜகிரி, பண்டாரவாடை, அதிராம்பட்டினம் என்று எந்த ஊரை எடுத்தாலும் பினாங்கு, சிங்கப்பூர், பிறகு வளைகுடா எனத் தலைமுறை தலைமுறையாகச் சபுராளிகள் உண்டு. அவர்கள் போனது சம்பாத்தியத்துக்கு. தங்கியது சொந்தக்காரர் கடையிலோ, கம்பெனி கேம்ப்பிலோ. பதினாறு வயதுப் பிள்ளை முன்பின் அறியாத ஓர் அமெரிக்கக் குடும்பத்தில், அவர்கள் பிள்ளைகளில் ஒன்றாக ஓராண்டு இருந்து, அந்த ஊர்ப் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்புவது இதுவரை நமக்குப் பழக்கமில்லாத காரியம். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அதைப் பற்றி விசாரித்து அலுவலகத்துக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

அந்தத் திட்டத்தின் பெயர் கென்னடி–லூகர் இளைஞர் பரிமாற்றக் கல்வித் திட்டம். சுருக்கமாக ‘யெஸ்’ என்பார்கள். 2001 செப்டம்பர் சம்பவங்களுக்குப் பிறகு, 2002 அக்டோபரில் அமெரிக்க அரசு இதைத் தொடங்கியது. எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் என்ற இரண்டு செனட்டர்கள் இதற்கு முன்னின்றதால் அவர்கள் பெயர் வந்தது. முஸ்லிம்கள் கணிசமாக வாழும் நாடுகளிலிருந்து பள்ளி மாணவர்களை ஒரு கல்வியாண்டு அழைத்து, குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்கவைப்பதுதான் திட்டம். இந்தியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. எல்லா மதத்துப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாம். இங்கே இதை நடத்துவது ஏ.எஃப்.எஸ். இந்தியா என்ற அமைப்பு. முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிய அமெரிக்கத் தொண்டர்கள் தொடங்கிய ஏ.எஃப்.எஸ்., இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மாணவர்களை நாடுவிட்டு நாடு அனுப்பும் வேலைக்குத் திரும்பியது. 1947 முதல் அந்தப் பணி நடக்கிறது.

அமெரிக்க அரசுக்கு இதில் என்ன லாபம் என்று கேட்பவர்கள் உண்டு. லாபம் இருக்கத்தான் செய்கிறது. முஸ்லிம் நாடுகளில் தங்களைப் பற்றிய எண்ணம் மாற வேண்டும் என்பது அவர்கள் நோக்கம், அதை அவர்கள் மறைப்பதுமில்லை. அது தெரிந்தே ஒரு பிள்ளை போய்ப் பார்த்து, தன் கண்ணால் கண்டதை வைத்துத் தானே முடிவுசெய்வதில் நமக்கு நஷ்டமில்லை என்பது எங்கள் கருத்து.

விமானக் கட்டணம், காப்பீடு, தங்குமிடம், மாதக் கைச்செலவு எல்லாம் உதவித்தொகையிலேயே அடங்கும். ஆகவே ‘யெஸ் திட்டத்தில் இடம் வாங்கித் தருகிறேன், இவ்வளவு கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பணம் கட்டிப் போகும் பரிமாற்றத் திட்டங்களும் தனியே இருக்கின்றன. அவை வேறு. இரண்டையும் கலந்து பேசித்தான் தரகர்கள் ஏமாற்றுவார்கள். இன்னொன்று, இது அமெரிக்க அரசு ஆண்டுதோறும் ஒதுக்கும் நிதியை நம்பியது. இந்த ஆண்டு ஆள் எடுக்கிறார்களா என்பதை ஏ.எஃப்.எஸ். இந்தியாவின் அறிவிப்பைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு பிள்ளையிடம் பேச்செடுங்கள்.

வயது 15 முதல் 17 வரை. சம்பா நாற்றங்கால் விடும் ஆகஸ்டில் போனால், குறுவைக்கு மேட்டூர் திறக்கும் ஜூன் வாக்கில் திரும்பிவிடலாம். வரும் விசா ஜே–1 வகை. இதில் ஒரு நிபந்தனையை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: அரசு செலவில் போய்வந்த பிள்ளை, சொந்த நாட்டில் 2 ஆண்டு இருந்த பிறகுதான் அமெரிக்க வேலை விசாவோ நிரந்தரக் குடியுரிமை விசாவோ பெற முடியும். அங்கே இருக்கும்போது முறையான வேலைக்கும் போகக் கூடாது. ‘ஒரு காலை உள்ளே வைத்துவிட்டால் போதும்’ என்று நினைத்து அனுப்புபவர்களுக்கு இது உதவாது.

இனி வீட்டு விஷயம். பெற்றோருக்குத் தூக்கம் வராமல் செய்வது இதுதான்.

பிள்ளையை ஏற்கும் குடும்பத்தை அங்கே ‘ஹோஸ்ட்’ குடும்பம் என்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. வருமான வரியில் மாதம் 50 டாலர் வரை செலவுக் கழிவு காட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு மாதம் முழுவதும் சோறு போட அது எம்மாத்திரம்! பின் ஏன் வைத்துக்கொள்கிறார்கள் என்ற சந்தேகம் வருவது நியாயம்தான். பழைய நாளில் மதரஸாவில் ஓத வந்த வெளியூர்ப் பிள்ளைகளுக்கு ஊர்க் குடும்பங்கள் தங்கள் வீட்டிலேயே சாப்பாடு போட்டதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேரளத்துப் பள்ளிவாசல் தர்ஸுகளில் அது பெரிய வழக்கமாகவே இருந்தது. அந்த வீட்டாருக்கு என்ன கிடைத்தது? தெரியாத ஊர்ப் பிள்ளை நம் தட்டில் சாப்பிட்டுப் படிக்கிறான் என்ற மனநிறைவு. அமெரிக்கக் குடும்பங்களில் பலருக்கும் அதே நிறைவுதான் காரணம். பல வீடுகளில் தங்கள் பிள்ளைகளும் வேறொரு நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளட்டும் என்ற எண்ணமும் இருக்கும்.

மனநிறைவை மட்டும் நம்பி விட்டுவிடுவதில்லை. அதற்கு அரசு விதிகள் உண்டு. வீட்டில் 18 வயதைத் தாண்டிய ஒவ்வொருவர் மீதும் குற்ற வழக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரில் வீட்டுக்குப் போய் எல்லோரிடமும் பேச வேண்டும். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும். அறையைப் பகிர்ந்தால் ஒரே ஒருவரோடுதான் பகிரலாம், அவரும் அதே பாலினமாக இருக்க வேண்டும். பிள்ளையில்லாமல் தனியாக வாழும் ஒருவர் வீட்டில் வைப்பதானால் பிள்ளையும் பெற்றோரும் முன்கூட்டியே எழுத்தில் சம்மதித்திருக்க வேண்டும். அந்தக் காகிதம் வந்தால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது பிள்ளையிடமும் குடும்பத்திடமும் தனித்தனியாகப் பேசியாக வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் வீடு மாற்றலாம். அதை மானக்கேடாக நினைத்துப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதைப் போகும் முன்பே சொல்லி அனுப்புங்கள்.

ஒரு விஷயத்தைப் பெற்றோர் பலரும் கவனிப்பதில்லை. விண்ணப்பத்தோடு பிள்ளையும் பெற்றோரும் ஹோஸ்ட் குடும்பத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அந்தக் கடிதத்தையும் விண்ணப்பத்தில் உள்ள மற்ற விவரங்களையும் படித்துத்தான் ஒரு குடும்பம் ‘இந்தப் பிள்ளை எங்கள் வீட்டுக்கு வரட்டும்’ என்கிறது. இடம் கிடைக்க வேண்டுமே என்ற கவலையில் ‘எனக்கு எல்லாம் பிடிக்கும், எதற்கும் ஒத்துப்போவேன்’ என்று எழுத வைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வரியை நம்பி, வாரம் தவறாமல் பன்றி இறைச்சி சமைக்கும் ஒரு வீடு நல்ல மனதோடு பிள்ளையை ஏற்றுக்கொள்ளும். முதல் நாள் இரவுச் சாப்பாட்டிலேயே சங்கடம் தொடங்கிவிடும். அது அந்த வீட்டாரின் குற்றமில்லை.

உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ‘ஐந்து வேளை தொழுகிறேன், அதற்குச் சில நிமிடமும் ஒரு சுத்தமான மூலையும் போதும். பன்றி இறைச்சியும் மது சேர்ந்த உணவும் சாப்பிட மாட்டேன். ரமலானில் நோன்பு வைப்பேன்.’ இவ்வளவு தெளிவாக எழுதினால் சில குடும்பங்கள் விலகிவிடலாம். விலகுபவர்கள் இப்போதே விலகட்டும். மிஞ்சுபவர்கள் தெரிந்தே அழைப்பவர்களாக இருப்பார்கள்.

நாயைப் பற்றியும் எழுத வேண்டும். அமெரிக்காவில் நாய் வளர்க்கும் வீடுகள் ஏராளம், அதுவும் வீட்டுக்குள்ளேயே. நம் பகுதியில் ஷாஃபி குடும்பங்களும் உண்டு, ஹனஃபி குடும்பங்களும் உண்டு. ஷாஃபி மத்ஹபில் நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒருமுறை மண் கலந்து. ஹனஃபியில் எச்சில் நஜீஸ், காய்ந்த உடல் உரசினால் பாதகமில்லை. ஆகவே அதிராம்பட்டினத்துப் பிள்ளைக்கும் ராஜகிரிப் பிள்ளைக்கும் ஒரே வீடு ஒரே மாதிரி அமையாது. ‘நாய் இல்லாத வீடு வேண்டும்’ என்றோ, ‘நாய் இருந்தாலும் என் அறைக்குள் வராமல் இருந்தால் போதும்’ என்றோ உங்கள் உஸ்தாதிடம் கேட்டு முடிவுசெய்து எழுதுங்கள்.

சாப்பாட்டில் கண்ணுக்குத் தெரியும் இறைச்சியை ஒதுக்குவது சுலபம். பெப்பரோனி பீட்சா, பேக்கன் தூவிய பீன்ஸ், ஜெலட்டின் சேர்ந்த மிட்டாய், பன்றிக் கொழுப்பில் பிசைந்த மாவு இவைதான் தெரியாமல் உள்ளே போகும். பாக்கெட்டின் பின்பக்கம் உள்ள சிறு எழுத்தைப் படிக்கப் பிள்ளையை இங்கேயே பழக்குங்கள். முட்டை, மீன், பருப்பு, காய்கறி எல்லா ஊரிலும் கிடைக்கும். அதைவிட முக்கியம், நாலைந்து சமையல் கைவசம் இருப்பது. ஒரு சாம்பாரோ மீன் குழம்போ வைத்து அந்த வீட்டாருக்குப் பரிமாறும் பிள்ளைக்கு அந்தச் சமையலறை சொந்தமாகிவிடும்.

ஓராண்டு தங்குபவர் முஸாஃபிர் இல்லை. போகும் நாளும் திரும்பும் நாளும் போக 4 நாள் தங்கும் எண்ணமிருந்தால் ஷாஃபியிலும், 15 நாள் தங்கும் எண்ணமிருந்தால் ஹனஃபியிலும் அவர் உள்ளூர்வாசி. கஸ்ர் இல்லை, நோன்பு தள்ளிவைக்கும் சலுகை இல்லை. கிப்லா அங்கே பெரும்பாலும் வடகிழக்கு. இங்கே மேற்கே பார்த்துப் பழகிய பிள்ளைக்கு முதலில் விநோதமாக இருக்கும். வட மாநிலங்களில் டிசம்பரில் நாலரை மணிக்கே மஃரிப் வந்துவிடும். ளுஹரைப் பள்ளியிலேயே தொழ வேண்டியிருக்கும். பாடவேளை தவிர்த்த நேரத்தில் மாணவர் தானாகத் தொழுவதை அரசுப் பள்ளிகள் தடுக்க முடியாது, அவர்கள் அரசியல் சட்டம் அந்த உரிமையைத் தருகிறது. ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் எட்டாத் தொலைவில் இருக்கும் ஊர்கள் நிறைய. அங்கே ளுஹர்தான். இப்போதெல்லாம் ரமலான் பிப்ரவரியை ஒட்டி, அதாவது பள்ளி நடக்கும்போதே வருகிறது. அந்த மாதத்தில் அங்கே பகல் நம் ஊரைவிடக் குறைவு. மார்ச் இரண்டாம் ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். ரமலான் அதற்குள் முடியாவிட்டால் சஹர் நேரத்தில் கவனம் வேண்டும்.

சர்ச்சுக்கு அழைத்தால் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். சில குடும்பங்கள் ஞாயிறுதோறும் போகிறவர்கள், மரியாதைக்கு ‘வருகிறாயா’ என்பார்கள். போக வேண்டிய கட்டாயமில்லை. ‘நன்றி, நான் வீட்டில் இருக்கிறேன்’ என்றால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்பலாமா என்பதுதான் அதிகம் விவாதமாகிறது. மஹ்ரம் இல்லாத பயணம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நாங்கள் ஃபத்வா சொல்லும் இடத்தில் இல்லை. உங்கள் உலமாவிடம் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது முழு விவரத்தோடு கேளுங்கள்: எந்த விதிகள், எப்படிப்பட்ட வீடு, யார் கண்காணிப்பு என்று சொல்லிக் கேளுங்கள். ‘பெண்ணை அமெரிக்கா அனுப்பலாமா?’ என்று மட்டும் கேட்டால் ஒரே சொல்லில்தான் பதில் வரும். மறுபக்கம், போக மனமில்லாத பிள்ளையை, ஆணோ பெண்ணோ, பெருமைக்காகத் தள்ளிவிடவும் கூடாது.

நம் ஆண் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாப்பிட்ட தட்டை உம்மாவோ அக்காவோ எடுக்கும் வழக்கத்தில் வளர்ந்தவர்கள் அங்கே திணறிப்போவார்கள். தட்டு கழுவுவது, துணி துவைக்கப் போடுவது, குப்பையை வெளியே வைப்பது, பனி பெய்தால் வாசலைத் தள்ளுவது எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகளின் வேலை. உங்கள் பிள்ளையும் அந்த வீட்டுப் பிள்ளைதான். விருந்தாளி போல உட்கார்ந்திருப்பவனை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் ரசிக்க மாட்டார்கள். விண்ணப்பம் போட்ட அன்றே வீட்டில் இந்த வேலைகளைத் தொடங்கிவிடுங்கள். தேர்வாகாவிட்டாலும் நஷ்டமில்லை, உம்மாவுக்கு லாபம்.

போன் விஷயத்தில் பெற்றோருக்குத்தான் கட்டுப்பாடு வேண்டும். நமக்கும் அங்கேயும் நேர வித்தியாசம் இடத்தையும் பருவத்தையும் பொறுத்துப் பெரும்பாலான மாநிலங்களில் 9½ முதல் 13½ மணி. இங்கே இஷா முடிந்து அழைத்தால் அங்கே பிள்ளை பள்ளியில் இருக்கும். தினமும் அழைத்து ‘என்ன சாப்பிட்டாய், அழுதாயா’ என்று கேட்டால், அழாத பிள்ளையும் அழும். வாரம் ஒருமுறை, நாள் குறித்துப் பேசுங்கள்.

படிப்பில் ஓராண்டு தள்ளிப்போகலாம். திரும்பி வந்ததும் எந்த வகுப்பில் சேர்ப்பார்கள் என்பதைப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் போகும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல் போதாது, தலைமை ஆசிரியர் மாறிவிடலாம்.

கடைசியாகப் பாஸ்போர்ட். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஸர் டி’ உறுதிமொழி வேண்டும். நம் வீடுகளில் அத்தாவோ வாப்பாவோ சபரில் இருப்பதால் பலருக்கு இந்த இடத்தில்தான் தாமதமாகிறது. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் என்ன ஆவணம் சான்றொப்பம் பெற்று அனுப்ப வேண்டும் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். நமக்குப் பாஸ்போர்ட் சேவா மையம் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. விண்ணப்பப் படிவமும் ஹோஸ்ட் குடும்பத்துக்கான கடிதமும் எழுத உதவி தேவைப்படுவோர், அஸருக்குப் பின் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு வரலாம். கடிதத்தைப் பிள்ளைதான் எழுத வேண்டும், நாங்கள் பிழை மட்டும் பார்த்துத் தருவோம், இன்ஷா அல்லாஹ்.