உயிர் மீண்டது, வாழ்க்கை மீளவில்லை: தலைக்காயம் அடைந்தோருக்குத் துணை யார்?

புது தில்லி: எய்ம்ஸ் மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளிலும் சுரங்கப்பாதை வாயில்களிலும் இரவு நேரத்தில் படுத்துறங்குவோர் ஏராளம். உத்தரப் பிரதேசம், பிகார், ஹரியாணா, ராஜஸ்தான் எனப் பல மாநிலங்களிலிருந்து நோயாளிகளுடன் வந்தவர்கள் அவர்கள். விபத்தில் தலையில் அடிபட்டவர்களின் உறவினர்களும் அவர்களில் உண்டு. "இனி வீட்டுக்கு அழைத்துச் செல்லலாம்" என்று மருத்துவர் கூறும் நாளுக்காகவே அவர்கள் காத்திருக்கின்றனர். ஆனால் அந்த நாளில்தான் அவர்களுக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022ம் ஆண்டில் நாடு முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள் நேர்ந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். நாடாளுமன்றத்திலும் ஏடுகளிலும் பேசப்படுவது பெரும்பாலும் இந்த இறப்புக் கணக்குதான். அதே ஆண்டில் காயமடைந்த 4,43,366 பேரைப் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை. அவர்களைப் பெருங்காயம் அடைந்தோர், சிறு காயம் அடைந்தோர் என்று அறிக்கை பிரிக்கிறதே தவிர, மூளையில் நிரந்தரப் பாதிப்புடன் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்று கூறுவதில்லை. கட்டுமானப் பணியிடங்களில் தவறி விழுவோர், மரமேறித் தொழில் செய்வோர், குளியலறையில் வழுக்கி விழும் முதியோர் ஆகியோர் இந்தக் கணக்கிலேயே வருவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஊனம்

கை, கால் இழந்தவரைப் பார்த்தவுடன் ஊர் இரங்கும். மூளையில் காயமுற்றவர் நிலை வேறு. வெளித்தோற்றத்தில் அவர் நலமாக இருப்பார், நடப்பார், பேசுவார். ஆனால் காலையில் கேட்டது மாலையில் நினைவிருக்காது. சிறு வேலைக்கே களைத்துப் போவார். மூளையின் முன்பகுதி பாதிக்கப்பட்டிருந்தால் கோபத்தை அடக்கவோ, வரவு செலவைத் திட்டமிடவோ இயலாது. நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று மனைவியை ஏசுவார். குழந்தைகள் அவரைக் கண்டு அஞ்சும்.

இதைச் சுற்றத்தார் "திமிர்" என்பர். மேலதிகாரி "சோம்பல்" என்பார். சில ஊர்களில் "பேய் பிடித்தது" என்று மந்திரவாதியிடம் அழைத்துச் செல்வதும் உண்டு. இது காயத்தின் விளைவு என்பதை எடுத்துச் சொல்ல ஆளில்லாத வீடுகளில், முழுச் சுமையும் தாயின் மீதோ மனைவியின் மீதோ விழுகிறது. வருவாய் ஈட்டியவர் முடங்க, அவரைப் பார்த்துக்கொள்ளவே மற்றொருவர் வேலையை விடும் நிலை ஏற்படுகிறது.

அரண்மனையிலும் நேர்ந்த துயரம்

இத்துயரத்துக்கு ஏழை, பணக்காரர் என்ற பேதம் இல்லை. ஜோத்பூர் மன்னர் குடும்பத்தைச் சேர்ந்த சிவராஜ் சிங், 2005 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் போலோ ஆடும்போது குதிரையிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயமடைந்தார். நினைவிழந்து கிடந்த அவர், நீண்டகாலச் சிகிச்சையாலும் மறுவாழ்வுப் பயிற்சியாலுமே படிப்படியாக மீண்டார். வசதி படைத்த தமக்கே இத்தனை அலைச்சல் என்றால் எளிய மக்களின் கதி என்ன என்ற எண்ணத்தில், அவருடைய தந்தை கஜ் சிங் 2007ல் இந்தியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். இத்துறையில் மக்களிடையே விழிப்புணர்வூட்டும் அமைப்புகளில் அது குறிப்பிடத்தக்கது.

அதே ராஜஸ்தானைச் சேர்ந்தவரும், பாதுகாப்பு, நிதி, வெளியுறவு ஆகிய மூன்று துறைகளிலும் மத்திய அமைச்சராக இருந்தவருமான ஜஸ்வந்த் சிங், 2014 ஆகஸ்டில் தில்லியில் உள்ள தமது இல்லத்தில் விழுந்து தலையில் அடிபட்டார். கோமா நிலைக்குச் சென்ற அவர், பழைய நிலைக்குத் திரும்பாமலேயே 2020 செப்டம்பர் 27ம் தேதி காலமானார். நாடாளுமன்றத்தில் அனைவரும் செவிமடுத்த ஒரு குரல் ஆறு ஆண்டுகள் மௌனமாகவே இருந்தது.

சட்டத்தில் விடுபட்ட பெயர்

1995ம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை மட்டுமே ஏற்றிருந்தது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 அதை 21 ஆக உயர்த்தியது. பார்கின்சன் நோயும் ரத்த உறையாமையும் இடம்பெற்ற அப்பட்டியலில், விபத்தால் ஏற்படும் மூளைக் காயம் தனி வகையாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கை, கால் செயலிழந்தால் இயக்கக் குறைபாடு என்ற பிரிவில் சான்றிதழ் கேட்கலாம். உடல் தேறி, நினைவும் நிதானமும் மட்டும் குலைந்தவர் எந்தப் பிரிவில் கேட்பது? சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்ற வரம்பு இருக்க, அவர் வாயிலிலேயே நின்றுவிடுகிறார்.

பணியின்போது ஊனமடையும் அரசு ஊழியரைப் பணிநீக்கம் செய்யக்கூடாது என்று இச்சட்டத்தின் 20வது பிரிவு கூறுகிறது. தனியார் நிறுவன ஊழியருக்கோ, விபத்துக்கு அதிகம் ஆளாகும் தினக்கூலித் தொழிலாளிக்கோ இப்பாதுகாப்பு இல்லை.

கோமாவில் இருப்பவரின் வங்கிக் கணக்கை இயக்க மனைவிக்கும் சட்ட உரிமை எளிதில் கிட்டுவதில்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999 ஆட்டிசம், மூளை முடக்குவாதம், மனவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றுக்கே பாதுகாவலர் நியமனத்தை அனுமதிக்கிறது. இதனால் குடும்பத்தார் உயர் நீதிமன்றப் படியேற நேர்ந்தது. இத்தகைய வழக்கு ஒன்றில் 2019ல் கேரள உயர் நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது.

எட்டாவது நாளில் என்ன?

விபத்தில் சிக்கியோருக்கு ரூ. 1.5 லட்சம் வரை கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025 மே மாதம் அறிவிக்கை செய்தது. தமிழகத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான "இன்னுயிர் காப்போம்" திட்டம் 2021 டிசம்பரிலேயே தொடங்கப்பட்டது. இரண்டும் உயிர் காக்கும் திட்டங்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் மத்தியத் திட்டத்தின் வரம்பு ஏழு நாள்கள். மூளைக் காயத்திலிருந்து மீளவோ மாதங்கள், சில வேளைகளில் ஆண்டுகள் ஆகும். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, நினைவாற்றல் பயிற்சி, குடும்பத்தாருக்கு ஆலோசனை ஆகியவை இடைவிடாது தேவை. பெருநகரங்களுக்கு வெளியே இவை அனைத்தும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

இச்செலவின் அளவை உச்ச நீதிமன்றம் உணர்த்தியுள்ளது. 12 வயதில் விபத்தில் சிக்கி மூளை பாதிக்கப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கில், வாழ்நாள் முழுவதும் உடனிருந்து கவனிப்போருக்கான ஊதியத்தையும் கணக்கிட்டு, ரூ. 62.27 லட்சம் இழப்பீடு வழங்க 2020 பிப்ரவரியில் அது உத்தரவிட்டது. நீதிமன்றம்வரை வர இயலாத குடும்பங்களுக்கு இத்தொகை எட்டாக்கனியே.

ஊரார் செய்யக்கூடியவை

விபத்தில் சிக்கியவருக்கு உதவுவோரை வழக்கு, விசாரணை என்று அலைக்கழிக்கக் கூடாது என்பதற்கான நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016ல் சட்ட வலிமை அளித்தது. மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், 2019 அதை உறுதி செய்தது. எனவே அஞ்சாமல் உதவலாம். நினைவற்றவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது; கழுத்தைத் திருப்பாமல் தூக்க வேண்டும். அடிபட்டவர் எழுந்து நன்றாகப் பேசினாலும், பிறகு தலைவலி கூடினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ, மயக்கம் கண்டாலோ சற்றும் தாமதிக்காமல் ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மண்டையோட்டுக்குள் ரத்தம் சிறுகச் சிறுகக் கசிந்து, சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும்.

வீடு திரும்பியவரிடம் பொறுமையாகப் பேசுவது, பழைய தொழிலில் எளிய பணியொன்றைத் தந்து பழக்குவது, கவனித்துக்கொள்ளும் பெண்ணுக்கு வாரத்தில் ஒருநாளாவது ஓய்வளிப்பது ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவில்லை.

அரசின் பங்கு இதனினும் பெரிது. மூளைக் காயம் அடைந்தோரைக் கணக்கெடுத்துப் பதிவு செய்வதும், சட்டப் பட்டியலில் அவர்களுக்கு இடமளிப்பதும், மாவட்டந்தோறும் மறுவாழ்வுப் பிரிவு அமைப்பதும் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பேதமின்றி வலியுறுத்தக்கூடிய கோரிக்கைகள். நடைபாதையில் காத்திருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்பது "பிழைப்பாரா?" என்ற ஒரே கேள்வியைத்தான். "பிழைத்த பின் எப்படி வாழ்வார்?" என்ற அடுத்த கேள்விக்கு விடையளிக்க வேண்டியது மருத்துவர் மட்டுமல்லர்.