நூல் ஏன் துள்ளுகிறது?

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை சுலபம். தரையில் குனிந்தாலே பட்டு நூல் துணுக்கு கிடைக்கும். விரல் நீளத்தில் மூன்று எடுங்கள். (பாவிலிருந்து அறுத்துவிடாதீர்கள், தாத்தாவுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன்!) பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை லேசாக வளைத்து, மேடான முதுகில் நூல்களின் ஒரு முனையை மட்டும் ஒட்டுங்கள். கூண்டு போட்ட டேபிள் ஃபேன் முன்னால், அட்டையின் ஓரம் காற்றைப் பார்க்கிறமாதிரி பிடியுங்கள்.

நூல் அட்டையோடு படிந்திருக்கும். ஆனாலும் ஒரு சின்ன நடுக்கம் தெரியும், உற்றுப் பாருங்கள். ஃபேன் இறக்கைகள் காற்றைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்புவதும் அதற்கு ஒரு காரணம். இப்போது அட்டையின் முன் ஓரத்தை மெல்ல மெல்லத் தூக்குங்கள். ஒரு சாய்வு வந்ததும் நூல் எழும்பித் துள்ளும்; சிலசமயம் முன்பக்கமே திரும்பிவிடும். காற்று அட்டையின் முதுகை விட்டு விலகிவிட்டது. இதற்கு 'ஸ்டால்' என்று பெயர். காற்றுச் சுரங்கங்களில் விஞ்ஞானிகளும் இப்படி நூல் ஒட்டிப் பார்ப்பதுண்டு.

இதே நடுக்கமும் துள்ளலும் ஜெட் என்ஜினுக்குள்ளும் உண்டு. அதன் முன்பாதியில் இருப்பது கம்ப்ரசர். பஞ்சர் கடையில் இருப்பது வேறு ரகம். இதில் சுற்றும் இறக்கை வரிசை ஒன்று, அசையாமல் நிற்கும் வரிசை ஒன்று என்று மாறி மாறி வரும். பெங்களூரு ஜி.டி.ஆர்.இ. ஆய்வகம் உருவாக்கிய 'காவேரி' என்ஜினில் முன்னால் 3 அடுக்கு விசிறி, அதன்பின் 6 அடுக்கு கம்ப்ரசர். இரண்டும் சேர்ந்து காற்றைச் சுமார் 21 மடங்கு அழுத்தும். முன் வரிசை வெட்டிய காற்றுதான் பின் வரிசைக்கு. அதனால் பின்னால் இருக்கும் எந்த இறக்கைக்கும் அமைதியான காற்று கிடைப்பதே இல்லை.

உள்ளே வரும் காற்று குறைந்து, இறக்கைகள் மட்டும் அதே வேகத்தில் சுற்றினால்? காற்று மோதும் சாய்வு கூடிவிடும், நீங்கள் அட்டையைத் தூக்கினீர்களே, அதுமாதிரி. ஏதோ ஓர் இறக்கையில் ஸ்டால் தொடங்கும். வைகாசி கருட சேவையன்று வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போயிருக்கிறீர்களா? ஒரு சந்து அடைத்துக்கொண்டால் கூட்டம் பக்கத்துச் சந்தில் நுழையும். அதுவும் அடைத்துக்கொள்ளும், அதற்குள் முதல் சந்து விட்டுவிடும். என்ஜினிலும் அடைப்பு இப்படி இறக்கைக்கு இறக்கை தாவி வட்டமடிக்கும், பெரும்பாலும் இறக்கைகள் சுற்றும் வேகத்தில் பாதி அளவில். அது வந்து போகும் ஒவ்வொரு தடவையும் இறக்கைக்கு ஓர் அடி. முற்றினால் காற்று மொத்தமும் முன்பக்கமாகத் திரும்பி 'டமார்' என்று வெடிச்சத்தம் கேட்கும், தீ நாக்கும் தெரியும்.

இதைத் தடுக்க, நிற்கும் இறக்கைகளில் முன் வரிசைகளைத் தேவைக்கேற்பத் திருப்பும்படி வைப்பார்கள். நடுவில் கொஞ்சம் காற்றை வெளியே விடுவதும் உண்டு. இவ்வளவையும் சரிபார்க்க வெறும் கணக்கு போதாது. காவேரியை 2010-இல் ரஷ்யாவில் ஒரு பெரிய சரக்கு விமானத்தில் பொருத்திப் பறக்கவிட்டே சோதித்தார்கள்.

உங்கள் அட்டையில் நூல் எத்தனை டிகிரியில் துள்ளியது? பாகைமானி வைத்து அளந்து எங்களுக்கு எழுதுங்கள்.