திறக்காத கணினியும் பனித்திட்டு அம்பாப் பாட்டும்

சென்ற மாதம் ஒரு காலையில் என் பழைய மேசைக்கணினி திறக்க மறுத்துவிட்டது. மின்விசிறி சுற்றியது, நிறுவன முத்திரை வந்தது, பிறகு கறுப்புத் திரையில் இயங்குதளம் கிடைக்கவில்லை என்று ஒரே ஒரு வரி. கடையில் காட்டினேன். தம்பி இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "ஃபார்மட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம் சார், சாயங்காலம் வந்து வாங்கிக்கங்க" என்றார். எனக்குப் பகீர் என்றது. பனித்திட்டில் கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுகளை நான் பதிவு செய்த 41 ஒலிக்கோப்புகள் அதற்குள் இருந்தன. வேறெங்கும் படி இல்லை. பாடிய பெரியவரும் இன்று இல்லை. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லிக் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பலரும் குழம்பும் இடம் இதுதான். கணினி திறக்கவில்லை என்றால் கோப்புகள் அழிந்துவிட்டன என்று பொருளில்லை. கணினியைத் தொடங்கிவைக்கும் பகுதியும் நம் கோப்புகளும் ஒரே வன்தட்டில் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. வாசல் பூட்டு பழுதானால் வீட்டுக்குள் இருக்கும் பானை உடைவதில்லையே. ஃபார்மட் செய்து புதிய விண்டோஸை அதன்மேல் எழுதுவதுதான் பானையை உடைக்கிற வேலை. எஸ்.எஸ்.டி. வகைத் தட்டு என்றால் இன்னும் மோசம். அழித்த இடத்தை அதுவே உள்ளுக்குள் துடைத்துவிடும், பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

முதலில் பயாஸ் திரைக்குள் போய் (பெரும்பாலும் எஃப்2 அல்லது டெலிட் விசை) வன்தட்டின் பெயர் தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்தது. பாதி உயிர் வந்தது. தெரியாவிட்டால் கேபிளைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். நம் கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் ராம் அட்டையின் முனைகள் மங்கிப்போவதும் உண்டு. பள்ளிப்பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்தாலே சில கணினிகள் எழுந்துகொள்கின்றன. ஆனால் தட்டிலிருந்து டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். உள்ளே ஊசி தட்டை உரசிக்கொண்டிருக்கலாம். அது நம் கைக்கு அடங்கிய வேலையில்லை.

அடுத்து நண்பர் ஒருவரின் கணினியில் 8 ஜி.பி. பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தை ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் எழுதிக்கொண்டேன். இரண்டுமே இலவசம். என் கணினியை அந்தப் பென்டிரைவிலிருந்து தொடங்கவைத்தேன். நிறுவு என்பதைத் தொடக்கூடாது, சும்மா ஓட்டிப் பார்ப்பதற்கான வழியைத்தான் எடுக்க வேண்டும். வன்தட்டைத் திறந்து, யூசர்ஸ் கோப்புறைக்குள் போனால் எல்லாம் அப்படியே இருந்தன! புதுக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தடை வரலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கணினி நன்றாக இருக்கும்போதே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள்.

வெளித்தட்டு ஒன்றைச் செருகிப் படியெடுத்தேன். 38 கோப்புகள் வந்தன. மீதி மூன்றில் நின்றுவிட்டது. தட்டிலேயே சில இடங்கள் கெட்டிருந்தன. மறுபடி மறுபடி முயன்றால் கெட்ட இடம் பெருகும் என்பதால், டிடிரெஸ்கியூ என்ற கருவியால் முழுத்தட்டையும் ஒரு பிம்பமாக எடுத்தேன். அது முதலில் எளிதாகப் படிக்கக்கூடியதை எல்லாம் எடுத்துக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வரும். இரண்டு இரவும் ஒரு பகலும் ஓடியது. இரண்டு கோப்புகள் முழுதாக வந்தன. மூன்றாவதில் ஐந்து விநாடி வெறும் மௌனம்.

இன்னொரு பயமும் வந்தது. 2007இல் எழுதிய கட்டுரைகளைத் திறந்தால் ஒரே ஆங்கிலக் குப்பை. கெட்டுவிட்டன என்றே நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, அவை ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருவில் தட்டியவை. தமிழக அரசு 1999இல் டாம், டாப் குறியாக்கங்களை அறிவித்தது, 2010இல்தான் ஒருங்குறிக்கு வந்தது. இடையில் எத்தனையோ எழுத்துருக்கள். உரிய எழுத்துருவை நிறுவியதும் தமிழ் தெரிந்தது, மாற்றியால் ஒருங்குறியாக்கிக்கொண்டேன். (பக்கத்துப் பாகூரின் நிருபதுங்கவர்மன் செப்பேட்டை 9ஆம் நூற்றாண்டிலிருந்து இன்றும் படிக்க முடிகிறது. என் 2007 கோப்பு என்னையே மிரட்டுகிறது!)

அந்த ஐந்து விநாடிக்காகப் பனித்திட்டுக்குப் போனேன். அவரோடு வலை இழுத்த இன்னொரு பெரியவர் கைப்பேசியில் பாட்டைக் கேட்டார். மௌனம் வந்த இடத்தில், "இங்கதான் அவன் இழுப்பான்" என்று சிரித்தார். "அவன் சொல்றது வேற மாதிரி இருக்கும் தம்பி, எனக்குத் தெரிஞ்சதப் பாடறேன்" என்று பாடினார். அதைத் தனிக் கோப்பாகவே வைத்திருக்கிறேன். பழையதில் ஒட்டவில்லை.