வெள்ளிப் பணமும் நேர்மையான எடையும்



வரி கொடுப்பதைக் குறித்து ஆண்டவரைச் சோதிக்க வந்தவர்கள் அவரிடத்தில் ஒரு பணத்தைக் கொண்டுவந்த சம்பவத்தை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம் (மத்தேயு 22). அந்தப் பணம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்கள் சிந்தித்ததுண்டா?

அதன் பெயர் தெனாரியஸ். ரோமப் பேரரசின் வெள்ளி நாணயம். குறுக்களவு சுமார் 18 மில்லிமீட்டர். எடை 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு. திராட்சத்தோட்டத்து வேலையாட்களுக்குப் பேசப்பட்ட நாட்கூலியும் இதுவே (மத்தேயு 20). தொழிற்சாலைகளில் நாட்கூலிக்கு உழைத்த நம்மில் பலருக்கு அதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் ஆண்ட திபேரியு இராயனின் தெனாரியஸில், ஒரு பக்கம் வெற்றிமாலை சூடிய அவனுடைய தலையும், தெய்வமாக்கப்பட்ட அகுஸ்துவின் குமாரன் என்ற எழுத்துக்களும் உண்டு. மறுபக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் ஒரு பெண். சுற்றிலும் தலைமைக் குரு என்னும் பட்டம். ஆண்டவருக்குக் காண்பிக்கப்பட்டது இவ்வகைப் பணமே என்பது அறிஞர் பலருடைய கருத்து. ஆயினும் எந்த இராயனுடைய முகம் அதில் இருந்தது என்று சுவிசேஷம் கூறவில்லை.

கொங்கு மண்ணில் திபேரியு

இதே திபேரியுவின் வெள்ளிப் பணங்கள் நம்முடைய தமிழகத்து மண்ணிலும் கிடைத்திருக்கின்றன. கோயம்புத்தூருக்கு அருகில், நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு 522 தெனாரியஸ் நாணயங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை அகுஸ்து, திபேரியு ஆகிய இருவருடையவை. அதே ஊரில் 1891-லும் 1931-லும் மீண்டும் ரோம வெள்ளிப் பணங்கள் கிடைத்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குச் சென்ற வணிகப் பாதையில் அமைந்த ஊர் அது.

யவனர்கள் மிளகுக்காகவும் மணிக்கற்களுக்காகவும் இவற்றைக் கொண்டுவந்தார்கள். நாம் வாழும் பகுதியிலும் அவர்களுடைய சுவடு உண்டு. கசார்வாடியில் லோணாவளா செல்லும் இரயிலில் ஏறி மளவ்லியில் இறங்கினால், கார்லே குகைகளுக்குச் செல்லலாம். அங்குள்ள தூண்களில் யவனர்கள் அளித்த கொடைகளைக் குறிக்கும் கல்வெட்டுக்கள் இன்றும் இருக்கின்றன.

மன்னன் கண்ட நேர்மை

ரோம எழுத்தாளர் பிளினி ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். கிலவுதியு இராயனுடைய காலத்தில் ரோமர் ஒருவர் காற்றினால் அடித்துச் செல்லப்பட்டு இலங்கைக்கு வந்து சேர்ந்தார். அவரிடமிருந்த தெனாரியஸ் பணங்களில் வெவ்வேறு இராயர்களுடைய முகங்கள் இருந்தபோதிலும், எடை மட்டும் ஒன்றாக இருப்பதைக் கண்டு அந்நாட்டு மன்னன் ரோமருடைய நேர்மையை வியந்தானாம்.

அந்த நேர்மை நிலைக்கவில்லை. கி.பி. 64-ஆம் ஆண்டளவில் நீரோ தெனாரியஸின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். இங்கே கிடைக்கும் வெள்ளிப் பணங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்கு முற்பட்டவையே. முகம் பெரிதாயிருந்தாலும் எடை குறைந்தால் மதிப்புக் குறையும் என்பதை வணிகர்கள் அறிந்திருந்தார்கள்.

வாங்குவோர் கவனத்திற்கு

இன்று இந்நாணயத்தை வேதாகமப் பணம் என்று கூறி விற்பவர்கள் உண்டு. ஆண்டவருடைய கரம் பட்ட பணம் இதுதான் என்று எவரேனும் சொன்னால் நம்பாதிருங்கள். விசுவாசிகளின் பக்தியை விலையாக்கும் பேச்சு அது. போலிகளும் மிகுதி. உண்மையான தெனாரியஸ், சுத்தியலால் கையால் அடித்து உருவாக்கப்பட்டது. ஆகையால் உருவம் பெரும்பாலும் நடுவிலிருந்து விலகியிருக்கும். இரண்டு பணங்கள் எல்லாவற்றிலும் ஒத்திருப்பதில்லை. வார்ப்பில் செய்த போலியின் விளிம்பில் இணைப்புக் கோடும், மேற்பரப்பில் நுண்ணிய குழிகளும் காணப்படலாம்.

பழைய பணத்தைப் புளியோ பற்பொடியோ இட்டுத் தேய்க்கவே கூடாது. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட நாணயங்களைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடை செய்கிறது. அவற்றை வணிகமாக விற்பவருக்கு உரிமம் வேண்டும். ஆகவே உரிமமும் இரசீதும் கேளுங்கள்.

ஊரில் கிடைத்தால்

அருமையானவர்களே, இங்கே சம்பாதித்து ஊரில் வீடு கட்டுகிறோம், கிணறு வெட்டுகிறோம். அப்பொழுது ஒரு கலயம் நிறையப் பழைய பணங்கள் கிடைத்தால் என்ன செய்வீர்கள்? உருக்கினால் சில நூறு கிராம் வெள்ளி மிஞ்சும். இரகசியமாய்ப் பிரித்து விற்றாலோ, எந்தப் பணம் எதனோடு, எந்த மண்ணில் இருந்தது என்ற சாட்சி அழிந்துபோகும். வெள்ளலூர்ப் பணங்கள் எண்ணி எழுதப்பட்டதினால்தான் அந்தப் பாதையின் வரலாற்றை நாம் இன்று அறிகிறோம்.

1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியருக்கு அறிவிப்பது கடமை, மறைப்பது குற்றம். உரியவர் எவரும் இல்லையென்று தீர்மானிக்கப்பட்டால் கண்டெடுத்தவருக்குப் பங்கு உண்டு. அரசு அதை எடுத்துக்கொண்டால் அதற்குரிய தொகை கொடுக்கவும் சட்டத்தில் வழியுண்டு. ஆகவே உண்மையைச் சொல்லுகிறவர் வெறுங்கையாய்ப் போவதில்லை.

விடுமுறையில் சென்னைக்குச் செல்லும்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். ரோம நாணயங்களின் பெரிய சேகரிப்பு அங்கே உண்டு. நாட்கூலியாகிய அந்தச் சிறிய வெள்ளிப் பணத்தைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள். எடை குறையாதிருந்ததினால் அது எவ்வளவு தூரம் நம்பப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.