நாற்பதாண்டுத் தவணை

சிரம்பானிலிருந்து கோலப்பிலா போகும் சாலையில் இருக்கிறது பாரோய். துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கம் உள்ள ஊர் என்றால் சட்டென்று தெரியும். சுற்றிலும் தாமான்கள். நெகிரி செம்பிலான் தோட்டங்களில் ஓய்வு வயதை நெருங்குகிறவர்கள் பலர் விசாரிப்பது, இப்படியொரு தாமானில் சின்ன வீடு கிடைக்குமா என்றுதான்.

வேலையில் இருக்கும்வரை அந்தக் கவலை எட்டிப் பார்ப்பதில்லை. தோட்ட வீடுகளுக்குத் தண்ணீர், மின்சாரம் உள்ளிட்ட குறைந்தபட்ச வசதிகளை வரையறுக்க 1990இல் சட்டமே வந்தது. ஆனால் அது வேலையோடு ஒட்டிய வீடு. அறுபது வயதில் பிரட்டுக்குப் போவது நின்றால், சாவியையும் ஒப்படைக்க வேண்டியதுதான்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். வேலையும் லயமும் பிழைத்தன. சொந்த வீட்டுக்கு அரசாங்கக் கடன் என்ற பேச்சு பிறகு வந்தது.

அதில் முக்கியமானது, 2010 அக்டோபரில் தாக்கலான 2011 வரவு செலவுத் திட்டத்தின் அறிவிப்பு. தோட்டத் தொழிலாளர்கள் மலிவு விலை வீடு வாங்க ஐந்து கோடி வெள்ளி நிதி. பிஎஸ்என் வங்கி வழியாக 60,000 வெள்ளி வரை கடன். வட்டி நான்கு விழுக்காடு. நாற்பது ஆண்டுத் தவணை. அப்பா கட்டி முடிக்காததைப் பிள்ளை தொடரலாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத் தவணை ஏறக்குறைய 251 வெள்ளி. எட்டாத தொகை இல்லை. நாற்பது ஆண்டில் கட்டும் மொத்தமோ 1,20,000 வெள்ளியைத் தாண்டுகிறது. வாங்கியதைப் போல் இரண்டு மடங்கு. இதையே இருபது ஆண்டில் முடித்தால் மாதம் 364 வெள்ளி, மொத்தம் சுமார் 87,000. மாதம் 113 வெள்ளி கூடுதலாகக் கட்ட முடிந்தால் 33,000 வெள்ளி மிச்சம். இன்னொரு கணக்கும் உண்டு. எல்லாரும் முழுத் தொகை வாங்கினால் ஐந்து கோடியில் 833 குடும்பங்களுக்குத்தான் கடன் கிடைக்கும். அதுவும் நாடு முழுவதற்கும்.

முன்பணம் அடுத்த தடை. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்றால், முதலாளி பங்கும் சேர்த்து ஊழியர் சேமநிதிக்கு மாதம் 408 வெள்ளி போகிறது. வீட்டுக்காக எடுக்கக்கூடிய 'செஜாத்திரா' கணக்கில் 2024 மே முதல் அதில் 15 விழுக்காடுதான் சேர்கிறது. மாதம் 61 வெள்ளி. அதை மட்டும் நம்பினால் 60,000 வெள்ளி வீட்டுக்குப் பத்து விழுக்காடு முன்பணம் சேர எட்டு ஆண்டு பிடிக்கும்.

சம்பளச் சீட்டு இல்லாதது இன்னொரு தடை. இங்கே கைகொடுக்கக்கூடியது எஸ்ஜேகேபி. சம்பளச் சீட்டு இல்லாத சிறு வியாபாரி, ஓட்டுநர், சிறுதோட்டக்காரர் போன்றோரின் வீட்டுக் கடனுக்கு அரசாங்கம் வங்கியிடம் ஜாமீன் நிற்கும் திட்டம் இது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் 40,000 பேருக்காக ஆயிரம் கோடி வெள்ளி ஜாமீன் ஒதுக்கப்பட்டது. மகன் லாரி ஓட்டுகிறான், மகள் பலகாரக் கடை வைத்திருக்கிறாள் என்றால் அவர்கள் பெயரில் விண்ணப்பிக்க இதில் வழியுண்டு. ஜாமீன் நிற்பது அரசாங்கமே ஆனாலும் தவணை கட்டவேண்டியது கடன் வாங்கியவர்தான். மோட்டார் சைக்கிள் தவணையில் நிலுவை வைத்திருந்தால், வங்கிகள் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவு அதையும் காட்டிக்கொடுக்கும்.

ஆகவே தோட்டக் குடும்பம் கடனைப் பற்றி யோசிக்க வேண்டிய வயது முப்பது, ஐம்பத்தைந்து அல்ல. புருஷன் பெண்சாதி இருவரும் வேலை செய்தால், கூட்டாக விண்ணப்பிப்பது நல்லது. இருவர் வருமானமும் கணக்கில் வரும்.

மீதிப் பொறுப்பு அரசாங்கத்துடையது. மலிவான கடன் இருந்தும் அந்த விலையில் வீடு இல்லையென்றால் விண்ணப்பப் பாரம் வெறும் காகிதம். செம்பனைக் காடுகள் தாமான்களாக மாறும் மாநிலம் இது. நிலத்தை மாற்ற அனுமதி கொடுக்கும்போதே, அந்தத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு எத்தனை வீடு, என்ன விலை என்று எழுதி வாங்கிவிட வேண்டும். அடுத்த முறை கடன் திட்டம் அறிவிக்கும் அமைச்சரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் வட்டி விகிதம் பற்றியதல்ல. அந்தக் கடனுக்கு வாங்கக்கூடிய வீடு எந்தத் தாமானில் இருக்கிறது என்பதுதான்.