கரண்ட் ஃப்ரீ, வெயிலும் ஃப்ரீ... தண்ணீர்? சோலார் பம்பு போடும் முன் ஊரில் பார்க்க வேண்டிய விஷயங்கள்

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து ஊருக்குப் போகும்போது, திண்டிவனம் தாண்டியதும் ஜன்னல் பக்கம் கொஞ்சம் பாருங்கள். நெல், கரும்பு, மல்லாட்டை என்று மாறி மாறி வரும் வயல்களுக்கு நடுவே சின்னச் சின்ன மோட்டார் கொட்டகைகள் தெரியும். அதில் ஒன்று உங்கள் அப்பாவுடையதாகவோ, சித்தப்பாவுடையதாகவோ இருக்கலாம்.

அந்த மோட்டார் மாசம் எத்தனை யூனிட் இழுக்குது என்று கேட்டுப் பாருங்கள். அவருக்குத் தெரியாது. மின்வாரியத்துக்கும் துல்லியமாகத் தெரியாது. தமிழ்நாட்டில் பெரும்பாலான விவசாய இணைப்புகளுக்கு மீட்டரே இல்லை. மோட்டாரின் ஹெச்.பி.யை வைத்துத்தான் கணக்கு; அந்தப் பணத்தை மானியமாக அரசு கட்டுகிறது.

இப்போது அதே வயலுக்கு 'சோலார் போடலாமா?' என்ற பேச்சு வந்திருக்கிறது. போடலாம். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

இலவச மின்சாரம் எப்படி வந்தது?

சும்மா வரவில்லை. 1970-களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் பெரிய அளவில் போராடினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. பிறகு 1984-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. இன்று மாநிலத்தில் விவசாய மின் இணைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல்.

கிணற்றையும் போரையும் நம்பி இருக்கும் விழுப்புரம் மாதிரியான மாவட்டத்தில், இந்தச் சலுகை இல்லையென்றால் பல குடும்பங்கள் எப்போதோ விவசாயத்தை விட்டிருக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் பில் வராத பொருளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மோட்டார் வீணாக்கும் கரண்ட், கண்ணுக்குத் தெரியாமலேயே போய்விடுகிறது.

எவ்வளவு வீணாகிறது?

ஒரு ஏக்கருக்கு ஒரு அங்குல உயரம் தண்ணீர் கட்ட சுமார் ஒரு லட்சம் லிட்டர் வேண்டும். அதை 100 அடி ஆழத்திலிருந்து மேலே தூக்க, இயற்பியல் கணக்குப்படி 8 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் போதும். எந்த மோட்டாரும் நூற்றுக்கு நூறு திறனோடு ஓடாது என்பதால், நிஜத்தில் கணக்கு இப்படி மாறும்:

- மோட்டாரும் பம்பும் சேர்ந்து 50% திறனோடு ஓடினால்: சுமார் 17 யூனிட்
- 25% திறனோடு ஓடினால்: சுமார் 33 யூனிட்

அதே தண்ணீர், அதே வயல். கரண்ட் மட்டும் டபுள்.

திறன் எங்கே குறைகிறது? வோல்டேஜ் குறைந்து காயில் எரியும்; ரீவைண்டிங் சரியாகச் செய்யாவிட்டால் ஒவ்வொரு முறையும் மோட்டார் கொஞ்சம் மந்தமாகும். ஃபுட் வால்வு அடைத்திருக்கும். முக்கியமாக, பைப் சின்னதாக இருக்கும். 2 அங்குல பைப்பை இரண்டரை அங்குலமாக மாற்றினால், அதே அளவு தண்ணீருக்கு உராய்வு இழப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பேனலை விட பைப் ரொம்ப சீப் என்பதை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சோலார் பம்பு திட்டம் என்ன சொல்கிறது?

மத்திய அரசு 2019-ல் தொடங்கியது பி.எம்.குசும் திட்டம். அதில் மூன்று பிரிவுகள்:

- ஏ: தரிசு நிலத்தில் 2 மெகாவாட் வரை சிறு மின்நிலையம் அமைத்து, மின்சாரத்தை வாரியத்துக்கு விற்பது
- பி: மின்கம்பத்தோடு தொடர்பில்லாமல் தனியாக இயங்கும் சோலார் பம்பு
- சி: ஏற்கெனவே மின் இணைப்பு உள்ள பம்புகளைச் சோலாருக்கு மாற்றுவது

நம் ஊரில் அதிகம் பேசப்படுவது 'பி'. தமிழ்நாட்டில் இதை வேளாண்மைப் பொறியியல் துறை செயல்படுத்துகிறது. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து 60% மானியம் தருகின்றன. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிரிவைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்கு இன்னும் கூடுதல். இலவச இணைப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருப்பவருக்கும், டீசல் இன்ஜினை வைத்து ஓட்டுபவருக்கும் இது நிஜமாகவே பெரிய விடுதலை.

சோலார் பம்பு இந்த மாவட்டத்துக்குப் புதுசும் இல்லை. வானூர் பக்கம் ஆரோவில்லில், தண்ணீர் இறைக்கும் காற்றாலைகளையும் சோலார் பம்புகளையும் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஓட்டிப் பார்த்துவிட்டார்கள்.

அப்புறம் என்ன சிக்கல்?

இரண்டு.

முதலாவது, வீணாகும் வெயில். 5 கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் ஒரு நாளைக்குச் சராசரியாக 20 யூனிட் தரும். அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் 100 நாளில் அது 2,000 யூனிட். தனியாக நிற்கும் சோலார் பம்பில் இதைச் சேமிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. 'யுனிவர்சல் சோலார் பம்ப் கன்ட்ரோலர்' இருந்தால், அதே பேனலில் தீவனம் வெட்டும் மெஷினையோ மாவு மில்லையோ ஓட்டலாம். விண்ணப்பிக்கும்போதே இதைக் கேட்பது நல்லது.

இரண்டாவதுதான் பெரிசு: நிலத்தடி நீர். கரண்ட் போனால் பழைய மோட்டார் நிற்கும். டீசல் விலை ஏறினால் இன்ஜினை நிறுத்துவோம். சோலாருக்கு அந்தத் தடை எதுவும் இல்லை. வெயில் இருக்கும்வரை காசில்லாமல் ஓடும். போரில் தண்ணீர் இருக்க வேண்டுமே!

இதற்கு யாராவது வழி கண்டுபிடித்தார்களா?

குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்று ஒரு கிராமம். அங்கே 6 விவசாயிகள், சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனத்தின் உதவியோடு 2016-ல் சோலார் பம்பு கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை, யூனிட் ரூ.4.63 விலையில் மின் நிறுவனத்துக்கு விற்க 25 ஆண்டு ஒப்பந்தம். அதற்கு மேல் அந்த ஆய்வு நிறுவனம் ஊக்கத்தொகையும் கொடுத்தது.

சிம்பிளாகச் சொன்னால், வெயில் ஒரு பயிர் ஆனது. தேவையில்லாமல் மோட்டாரை ஓட்டினால், விற்க வேண்டிய சரக்கை வீணாக்குகிறோம் என்று அர்த்தம். 'தண்ணீரைச் சேமியுங்கள்' என்று யாரும் உபதேசம் செய்யவில்லை. சேமித்தால் காசு என்ற கணக்கே அதைச் செய்தது.

மேலே சொன்ன 2,000 யூனிட்டை அந்த விலையில் விற்றால் ரூ.9,260. கோடி இல்லைதான். ஆனால் சும்மா கிடக்கும் நிலத்துக்கு, மழை பொய்த்த வருஷத்திலும் வரக்கூடிய காசு. நம் ஊர் விவசாயிக்கு இலவச மின்சாரத்தோடு சேர்த்து இப்படி ஒரு வருமானமும் கிடைக்க வேண்டுமென்றால், 'சி' பிரிவு மாதிரியான இணைப்புகள் வயல்வரை வந்தாக வேண்டும்.

இந்தமுறை ஊருக்குப் போனால் என்ன செய்யலாம்?

1. டிரம் டெஸ்ட்: 200 லிட்டர் டிரம்மை மோட்டார் தண்ணீரில் நிரப்புங்கள், போனில் ஸ்டாப்வாட்ச் போடுங்கள். 5 ஹெச்.பி. மோட்டார், தண்ணீர் 100 அடியில் என்றால் அரை நிமிடத்துக்குள் நிரம்பினால் ஓகே. ஒரு நிமிடத்தை நெருங்கினால் பாதி கரண்ட் வீண்.
2. ஸ்டார் லேபிள்: புது மோட்டார் வாங்கும்போது ஃபிரிட்ஜுக்குப் பார்ப்பது மாதிரியே ஸ்டார் பாருங்கள். பழையதை மாற்றச் சிறு, குறு விவசாயிகளுக்கு அரசு மானியமும் உண்டு.
3. சொட்டுநீர்: சிறு, குறு விவசாயிகளுக்கு 100%, மற்றவர்களுக்கு 75% மானியம். தண்ணீர்த் தேவை குறைந்தால் சின்ன மோட்டார் போதும்; சின்ன மோட்டாருக்குக் குறைவான பேனல் போதும்.
4. பேனல்: இதெல்லாம் முடிந்த பிறகு. விழுப்புரம், திண்டிவனம் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகங்களில் விசாரிக்கலாம்.

வரிசையை மாற்றிப் பேனலை முதலில் போட்டால், ஓட்டை வாளிக்குத் தங்க முலாம் பூசிய கதைதான். அப்பா நம்ப மாட்டேன் என்றால் டிரம்மை நிரப்பிக் காட்டுங்கள். அந்த ஒரு நிமிடம், நாம் சொல்வதை விடத் தெளிவாகச் சொல்லிவிடும்.